மறதி வந்தவங்களைப் பார்த்து சிரிக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நம்ம கோயிலுக்கு வரும் பெரியவங்க சிலருக்கு இப்போ மறதி அதிகமாகுது. அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டு மறுபடியும் வரிசையில் நிற்கிறாங்க. பேரப்பிள்ளை நட்சத்திரம் ஞாபகம் வர மாட்டேங்குது. பக்கத்துல சிலர் சிரிக்கிறாங்க. சிலர் "பூர்வ ஜென்ம பாவம்", "செய்வினை" என்கிறாங்க. அன்னதானத்தில் ஒரு அம்மா, சாம்பார் வாளியோட யாருக்கு ஊத்தினோம்னு தெரியாம நின்னாங்க. யாரோ கேலி பண்ணாங்க. அடுத்த வாரம் அவங்க வரவே இல்லை.

மூளையில் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா யாரும் சிரிக்க மாட்டாங்க.

நம் இரத்தத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் சேர்ந்த காவல் படை ஒன்று இருக்கு. காம்ப்ளிமென்ட் என்று பெயர். கிருமி உள்ளே வந்தால் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். அந்த அடையாளத்தைப் பார்த்து வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும். இதை ஆராய்ந்த பெல்ஜியம் நாட்டு ஜூல்ஸ் போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எங்களுக்கு ஃபேக்டரி பாஷைதான் வரும். கியூசி ஆள் பழுதான சாமானில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பின்னால் வருபவர் ஸ்டிக்கரைப் பார்த்து எடுத்துப் போடுவார். சாமான் நல்லதான்னு அவர் பார்க்க மாட்டார்.

மூளையிலும் இந்த ஸ்டிக்கர் வேலை நடக்குது என்பதை 2007-இல் அமெரிக்காவில் பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரஸ் குழுவினர் எலிகளில் காட்டினாங்க. வளரும் மூளையில் நரம்பு இணைப்புகள் தேவைக்கு மேல் இருக்கும். சி1க்யூ, சி3 என்ற புரதங்கள் வேண்டாததில் ஒட்டும். மைக்ரோகிளியா என்ற துப்புரவு செல் அதை விழுங்கும். செடிக்குக் கிளை கழிக்கிற மாதிரி, இது நல்ல வேலைதான்.

வயசானால் கதை மாறுது. எலி, மனித மூளைகளைப் பார்த்த 2013 ஆய்வில், வயது ஏற ஏற சி1க்யூ கூடுவது தெரிந்தது, 300 மடங்கு வரைக்கும். அல்சைமர் நோய் உள்ள எலிகளில் தேவையான இணைப்புகளிலும் ஸ்டிக்கர் விழுது என்று 2016-இல் கண்டாங்க. சி1க்யூவைத் தடுத்தபோது இழப்பு குறைந்தது. மனிதரில் ஆராய்ச்சி நடந்துக்கிட்டே இருக்கு.

கண் நரம்பையும் முதுகுத் தண்டையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோய்க்கு, இந்தப் படையை அடக்கும் எக்குலிசுமாப் மருந்தை அமெரிக்கா 2019-இல் அனுமதித்தது. அல்சைமருக்கு இந்த வழியில் மருந்து இன்னும் வரல.

ஆக, காவலுக்கு இருக்கும் படையே வீட்டுச் சாமானைத் தூக்கிப் போடுது. இதில் அந்த அம்மா செய்த தப்பு என்ன?

எல்லா மறதியும் அல்சைமர் இல்லைங்க. தைராய்டு, பி12 குறைவு, சில மாத்திரைகளாலும் வரும். அதைச் சரி செய்யலாம். அதனால பரிகாரத்தோட நிறுத்தாம கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போங்க. சாப்பிடும் மாத்திரை எல்லாத்தையும் பையில் எடுத்துட்டுப் போங்க.

அவங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டு வருவதை மட்டும் நிறுத்தாதீங்க. பெயர், நட்சத்திரத்தை ஒரு சீட்டில் எழுதி கையில் கொடுத்து விடுங்க. கவுண்டரில் நாங்க பார்த்துக்குவோம். மெதுவா நடந்தாலும், கேட்டதையே திரும்பக் கேட்டாலும் பரவாயில்லை.

அந்த அம்மாவுக்கும் சொல்லி அனுப்பியிருக்கோம். வாளி வேண்டாம், எங்க பக்கத்துல உட்கார்ந்து வெற்றிலை மடிச்சுக் கொடுத்தால் போதும்.

எல்லாருக்கும் இறைவன் அருள் கிடைக்கட்டும்.