அடுக்கை எடுத்துவிடலாமா?

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும் மெட்டா அனாலிசிஸைப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் கைவைக்கும் முதல் அட்டவணை ஒன்று உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கிறதா என்று பார்த்த 13 ஆய்வுகள், 13 வரிகள். கோல்டிட்ஸ் குழுவினர் 1994-இல் திரட்டியவை. வுல்ஃப்கங் ஃபீஷ்ட்பாவர் எழுதிய ‘மெட்டாஃபோர்’ மென்பொருள் தொகுப்பில் எடுத்துக்காட்டுக் கணக்காக இந்த அட்டவணைதான் திரும்பத் திரும்ப வரும். அதில் மற்றவற்றையெல்லாம்விடப் பெரிய வரி நம்முடையது. ஊசி போட்ட 88,391 பேரில் 505 பேருக்குக் காசநோய், போடாத 88,391 பேரில் 499 பேருக்கு. ஊர்: மெட்ராஸ். ஆண்டு: 1980. அட்சரேகை: 13. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் 1968-இல் தொடங்கிய சோதனை அது. எங்கள் ஆரணியும் கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான்.

13 வரிகளுக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தால், ஊசி போட்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது, 0.49 மடங்கு. நம் வரியைத் தனியாகப் பார்த்தால் 1.01. அதாவது போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். கனடாவில் நடந்த ஃபெர்குசன், சைம்ஸ் ஆய்வில் 0.20. சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவருக்குத் திருவள்ளூரும் தெரியாது, கனடாவும் தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பதுதான் என் தொழில். மடக்கை அளவில் அந்தச் சிதறலின் வேரியன்ஸ் 0.3132 என்று வருகிறது. இதை வைத்து அடுத்ததாக ஓர் இடத்தில் ஆய்வு நடந்தால் என்ன வரலாம் என்று கணக்குப் போட்டால் 0.15 முதல் 1.55 வரை எதுவும் வரலாம். நல்ல பலனும் அதற்குள் இருக்கிறது, பலனின்மையும் இருக்கிறது. அட்சரேகையைக் கணக்கில் சேர்த்தால் 0.3132 என்பது 0.0764 ஆகச் சுருங்கிவிடும். பூமத்திய ரேகையை விட்டு விலக விலக ஊசி நன்றாக வேலை செய்திருக்கிறது. அட்சரேகை தானாக எதையும் செய்துவிடாது. மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்கள் வெப்பநாட்டு மக்களின் உடலை முன்பே பழக்கிவிட்டிருக்கலாம் என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று.

இதே அட்டவணையில் இன்னொரு இந்திய வரியும் இருக்கிறது: மதனப்பள்ளி, 1973. அதுவும் 13 பாகைதான். அங்கே 0.80. இரண்டு இந்திய வரிகளும் கனடாவைவிட ஒன்றுக்கொன்று நெருக்கம். உடனே ஒரு யோசனை வரும். ‘நாடு’ என்று ஓர் அடுக்கைப் போட்டு, நாட்டுக்கு நாடு உள்ள சிதறல் எவ்வளவு, ஒரே நாட்டுக்குள் ஆய்வுக்கு ஆய்வு உள்ள சிதறல் எவ்வளவு என்று பிரித்தால் என்ன? யோசனை சரி. ஆனால் அமெரிக்காவையும் இந்தியாவையும் விட்டால் மீதி நாடுகளுக்கெல்லாம் ஒவ்வொரு வரிதான். அதில்தான் சிக்கல்.

எங்கள் நெசவுத் தெருவில் இதை விளக்கப் புத்தகம் தேவையில்லை. ஒரே பாவில், அதாவது தறியில் ஒரு தடவை ஏற்றும் நீள நூலில், இறங்கும் சேலைகள் ஒன்றுபோல இருக்கும். ஒரே தொட்டியில் சாயம் ஏறிய பட்டு, ஒரே அச்சு, ஒரே ஆளின் கை. அடுத்த பாவு ஏறினால், அதே அரக்கு என்று சொல்லித்தான் சாயம் போட்டிருப்பார்கள். இருந்தாலும் ஒரு சாயல் மாறியிருக்கும். கடையில் சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்க்கிறவர் ‘கலர் பேதமா இருக்கே’ என்பார். அந்தப் பேதம் பாவுக்குப் பாவு வந்ததா, பாவுக்குள்ளேயே சேலைக்குச் சேலை வந்ததா? சாயக்காரரைக் கேட்க வேண்டுமா, தறிக்காரரைக் கேட்க வேண்டுமா? பாவுக்கு இரண்டு சேலையாவது கையில் இருந்தால் பிரித்துச் சொல்லலாம். பாவுக்கு ஒரே சேலை என்று வைத்துக்கொண்டால், ஆரணியில் உள்ள அத்தனை பாவையும் கொண்டுவந்து அடுக்கினாலும் பிரிக்க முடியாது.

நெசவுத் தெருவில் வளர்ந்தவன் நான். தறியில் உட்காரவில்லை; புள்ளியியல் படித்துவிட்டு, வேலூரிலும் திருவண்ணாமலையிலும் உள்ள ஆராய்ச்சி மாணவர்களுக்கும் டாக்டர்களுக்கும் கணக்குப் பார்த்துத் தருகிறேன். சமீபத்தில் வந்த ஒரு மாணவியின் தலைப்பு எனக்கு மிகவும் பிடித்துப்போனது: கைத்தறி நெசவாளர்களின் உடல்வலி. குழித்தறியில் காலைக் குழிக்குள் இறக்கி, மிதியை மாற்றி மாற்றி அழுத்தி, இடுப்பை வளைத்து நாள் முழுக்க உட்காருகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அதில் அக்கறை வராமல் இருக்குமா? பல ஊர் ஆய்வுகளைத் திரட்டியிருந்தாள். ஒவ்வோர் ஆய்விலும் கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று தனித்தனி விகிதம். ஆக, வலி விகிதங்கள் ஆய்வுக்குள் அடங்கியிருக்கின்றன. ஓர் ஆய்வு, அதற்குள் நாலைந்து மதிப்பீடு. மூன்றடுக்கு மாதிரிக்கு இதைவிடப் பொருத்தமான தரவு கிடைக்காது.

அவள் கேட்டது எல்லாரும் கேட்பதுதான்.

“சார், ஆய்வு லெவல்ல வேரியன்ஸ் சிக்னிஃபிகன்ட்டா வரல. எடுத்துடட்டுமா?”

“ஏம்மா, கழுத்து வலின்னு சொன்னதும் இடுப்பு வலின்னு சொன்னதும் ஒரே ஆளுங்கதானே?”

“ஆமா சார். ஒரு ஆய்வுக்குள்ள ஒரே ஆளுங்கதான்.”

“அப்ப பி-மதிப்பு வந்து அதை மாத்திடுமா?”

சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வியைச் சிரிப்போடு விட்டுவிட முடியாது, ஏனென்றால் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணாகப் பார்த்தவர்கள் குறைவு. ஸ்பைரோஸ் கான்ஸ்டன்டோபொலஸ் 2011-இல் எழுதிய கட்டுரையில் பள்ளி நாட்காட்டியை மாற்றியமைத்த அமெரிக்க ஆய்வுகள் வருகின்றன. 11 கல்வி மாவட்டங்கள், அவற்றுக்குள் 56 ஆய்வுகள். மாவட்டம் என்ற அடுக்கைக் கண்டுகொள்ளாமல் 56-ஐயும் தனித்தனி என்று வைத்தால் சராசரிப் பலன் 0.128, அதன் திட்டப் பிழை 0.044. அடுக்கை வைத்தால் பலன் 0.185, திட்டப் பிழை 0.085. பிழை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாவட்டங்களுக்கு இடையே வேரியன்ஸ் 0.065, மாவட்டத்துக்குள் 0.033, மொத்தச் சிதறலில் மூன்றில் இரண்டு பங்கு மாவட்டத்தால் வருவது. அதை மறந்துவிட்டுப் போட்ட கணக்கு, உண்மையில் 11 இடங்களில் கிடைத்த அறிவை 56 இடங்களில் கிடைத்ததுபோலக் காட்டியது.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே அந்த அடுக்கில் சிதறல் இல்லை என்றால், அதை வைத்திருப்பதால் என்ன நஷ்டம்? பெரிதாக ஒன்றுமில்லை. மதிப்பீடு பூஜ்யத்திலோ அதன் பக்கத்திலோ போய் உட்காரும். பூஜ்யத்தில் உட்கார்ந்தால், மீதி எண்கள் எல்லாம் அடுக்கு இல்லாத மாதிரியில் வந்த அதே எண்கள்தான். இருக்கிற சிதறலை எடுத்தெறிந்தால் நஷ்டம் பெரிது, இல்லாத சிதறலுக்கு இடம் விட்டால் நஷ்டம் சொற்பம். இப்படி ஒருபக்கம் சாய்ந்திருக்கும் தராசில் 5 சதவீத எல்லையை நடுவராக வைப்பது எனக்கு எப்போதும் ஒப்பியதில்லை.

சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரசித்துச் செய்யும் சோதனை அது, ஏனென்றால் அது நடக்கும் இடம் விசித்திரமானது. சராசரி பூஜ்யமா என்று கேட்டால், பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமும் இடம் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. வேரியன்ஸ் பூஜ்யமா என்று கேட்டால் ஒரு பக்கம் சுவர். வேரியன்ஸ் மைனஸில் போகாது. அடுக்கு உள்ள மாதிரியையும் இல்லாத மாதிரியையும் பொருத்திப் பார்த்து, இரண்டின் மடக்கை நிகழ்வாய்ப்பு வித்தியாசத்தை இரட்டிப்பாக்கிக் கிடைக்கும் எண்ணை, வழக்கம்போல ஒரு பாகை சுதந்திரமுள்ள கை-வர்க்கப் பரவலோடு ஒப்பிடுவார்கள். ஆனால் உண்மையில் சிதறல் இல்லாதபோது, தரவு சுவரின் அந்தப் பக்கம் போக ஆசைப்படும் தருணங்களிலெல்லாம் மதிப்பீடு பூஜ்யத்திலேயே முட்டி நிற்கும், வித்தியாசமும் பூஜ்யமாகவே வரும். பெரிய தரவில் இது பாதி நேரம் நடக்கும். ஆகவே சரியான பரவல், பாதி பூஜ்யமும் பாதி கை-வர்க்கமும் கலந்த ஒன்று. செல்ஃப், லியாங் இருவரும் 1987-இல் இதன் பொதுக் கோட்பாட்டை எழுதினார்கள். ஸ்ட்ராம், லீ 1994-இல் அடுக்கு மாதிரிகளுக்குப் பொருத்திக் காட்டினார்கள். ஒரு வேரியன்ஸ் கூறை மட்டும் சோதிக்கும்போது நடைமுறை எளிது: மென்பொருள் தரும் பி-மதிப்பைப் பாதியாக்கு. 5 சதவீதத்துக்கு எல்லை 3.84 அல்ல, 2.71. இரட்டிப்பாக்கிய வித்தியாசம் 3.0 வந்தால் மென்பொருள் 0.083 என்கிறது, சரியான கணக்கு 0.042. மாணவியின் தரவு போன்றவற்றில் ‘சிக்னிஃபிகன்ட் இல்லை’ என்ற தீர்ப்பு இந்த ஒரு வகுத்தலிலேயே மாறிப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கூறுகளை ஒரே நேரத்தில் பூஜ்யமாக்கிச் சோதித்தால் இந்தப் பாதிக் கணக்கு செல்லாது; கலவை வேறு. குழுக்கள் குறைவாக இருந்தாலும் செல்லாது. பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளோடு வேலை செய்யும்போது பாதிக்கும் மேற்பட்ட நேரம் மதிப்பீடு சுவரில் முட்டும். அங்கே எனக்கு நம்பிக்கை உருவகப்படுத்தலில்தான். அடுக்கு இல்லாத மாதிரியை உண்மை என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆயிரம் பொய்த் தரவு செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதிரியையும் பொருத்தி, நம் கையில் உள்ள வித்தியாசத்தை எத்தனை தாண்டுகிறது என்று எண்ணுவது. இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம், மின்சாரம் தயவு வைத்தால்.

‘மெட்டாஃபோர்’ பல அடுக்கு மாதிரியைப் பொருத்தினால் வேரியன்ஸ் கூறுகளின் பக்கத்தில் திட்டப் பிழையும் போடாது, பி-மதிப்பும் போடாது. புதிதாக வருகிறவர்கள் ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைப்பார்கள். விட்டதில் நியாயம் இருக்கிறது. சுவர் ஓரமாக நிற்கும் ஒரு மதிப்பீட்டுக்கு ‘கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்று இருபுறமும் சமமாக இடைவெளி போடுவது பொருந்தாது. அதற்குப் பதிலாக, தனியாகக் கேட்டால், நிகழ்வாய்ப்பின் சரிவைப் பின்பற்றி இடைவெளி கண்டுபிடித்துத் தருகிறது. அந்தப் பள்ளித் தரவில் மாவட்ட வேரியன்ஸுக்கு ஏறக்குறைய 0.02 முதல் 0.21 வரை. 0.065-க்குக் கீழே கொஞ்சம், மேலே நிறைய. இந்தச் சாய்வான இடைவெளி ஒரு பி-மதிப்பு சொல்லாததையெல்லாம் சொல்கிறது.

இடைவெளிக்கும் முன்னால் நான் பார்ப்பது படம். ஒரு கூறின் மதிப்பைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் நிகழ்வாய்ப்பு எவ்வளவு என்று வரைந்தால் ஒரு வளைகோடு வரும். நல்ல தரவில் அது ஏறி, மதிப்பீடு உள்ள இடத்தில் உச்சி தொட்டு, இறங்கும். உச்சி கூர்மையாக இருந்தால் தரவுக்குத் தெளிவான கருத்து இருக்கிறது. உச்சி பூஜ்யத்திலேயே இருந்து வலப்பக்கம் மெல்லச் சரிந்தால், ‘சிதறல் இல்லாமல் இருக்கலாம், ஆனால் நிறைய இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்’ என்று தரவு சொல்கிறது. இதைப் பூஜ்யம் என்று படிப்பது தவறு. கோடு ஏறாமல் இறங்காமல் சமமாகக் கிடந்தால் அந்தக் கூறைப் பற்றித் தரவுக்கு ஒன்றுமே தெரியாது. பாவுக்கு ஒரு சேலை என்ற நிலைமை அது. அப்போதும் மென்பொருள் ஏதோ ஒரு எண்ணைத் தந்துவிடும், அதுவும் நாலு தசமத்தோடு. அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் ஏற்றிய கட்டுரைகள் எத்தனையோ வெளிவந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

மாணவியின் படத்தில் உச்சி பூஜ்யத்தை விட்டுத் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அவள் எழுதிய கட்டளையில் வேறொன்று இருந்தது. ஆய்வு என்ற அடுக்கைப் போட்டிருந்தாளே தவிர, அதற்குள் ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் தனி அடுக்கு போடவில்லை. இதன் பொருள், ஓர் ஆய்வுக்குள் கழுத்து வலியும் இடுப்பு வலியும் உண்மையில் ஒரே விகிதம், வித்தியாசமெல்லாம் மாதிரிப் பிழை என்பது. குழித்தறியைப் பார்த்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த உள் அடுக்கு இல்லாதபோது அதன் சிதறல் வேறு எங்காவது போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் செய்யும் எந்தச் சோதனைக்கும் அர்த்தம் இல்லை. இன்னொன்றையும் சொன்னேன். ஒரே ஆட்களிடம் கேட்டதால் மாதிரிப் பிழைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. அந்தத் தொடர்பைப் பூஜ்யம் என்று வைத்தால் அது வேரியன்ஸ் கூறுகளுக்குள் புகுந்துவிடும். கட்டுரைகள் பெரும்பாலும் அந்தத் தொடர்பை அறிவிப்பதில்லை; அதனால் 0.3, 0.5, 0.7 என்று வைத்து மூன்று தடவை ஓட்டி, முடிவு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியில் ஹெட்ஜஸ், டிப்டன், ஜான்சன் 2010-இல் தந்த உறுதியான திட்டப் பிழையையும் மேலே போடலாம்.

“ரெவ்யூவர் பி-மதிப்பு கேட்டா சார்?”

“குடு. பாதியாக்கினதா, உருவகப்படுத்தினதான்னு ஒரு வரி எழுதிக் குடு. மதிப்பீட்டையும் இடைவெளியையும் முன்னாடி வை. ஆய்வோட அமைப்பே இந்த அடுக்கைக் கேட்டுது, அதனால வெச்சோம்னு எழுது.”

புறப்படும்போது தன் அட்டவணையை மறுபடி புரட்டியவள் இரண்டு வரிகளில் விரலை வைத்தாள். இரண்டு கட்டுரை, ஆசிரியர் ஒருவரே, ஊரும் ஒன்றே, ஓராண்டு இடைவெளி, ஆட்கள் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்று. தனித்தனி ஆய்வு என்று ஏற்றியிருந்தாள். இரண்டிலும் இருப்பது அதே நெசவாளர்கள்தானா என்று கேட்டு ஆசிரியருக்கு எழுதியிருக்கிறாள். பதில் வராமல் அடுத்த ஓட்டம் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.