லேப்டாப் கேட்ட 48 இலக்கச் சாவி

மரக்காணத்தில் உப்பு வாரும் சீசன். பக்கத்து வீட்டு அண்ணனின் லேப்டாப் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நீலத் திரையோடு நின்றுவிட்டது. கேட்பது வழக்கமான பாஸ்வேர்டு இல்லை. ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். மூட்டைக் கணக்கு, பாத்தியில் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்த முன்பணம், மகளின் சான்றிதழ்கள் எல்லாம் உள்ளே.

“நான் எந்தப் பூட்டும் போடலையேப்பா” என்றார். உண்மைதான். அது பிட்லாக்கர், வட்டில் இருப்பதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11-இன் 2024 பதிப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவினால், பெரும்பாலான கணினிகளில் தானாகவே பூட்டிக்கொள்ளும். அப்டேட்டில் பயாஸ் மாறினாலோ மதர்போர்டு மாற்றினாலோ சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும். திருடனிடமிருந்து காக்கத்தான். ஆனாலும் வீட்டுக்காரருக்குப் புரியும்படி சொல்லாமல் பூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சாவி, முதலில் நுழைந்த கணக்கில் இருக்கும். அண்ணனின் லேப்டாப்பில் அந்தக் கணக்கைத் தொடங்கியது அதை விற்ற கடையின் பையன், தன் மெயிலில். அவன் இப்போது அங்கே வேலையில் இல்லை. சாவி கிடைக்காவிட்டால் ஃபார்மட்தான். உள்ளே இருப்பது போனது போனதுதான்.

உங்கள் லேப்டாப்பில் யாருடைய கணக்கு இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள்.