கழுவிக் காயவைப்பதும் உசிர் காப்புத்தான்

காக்காமாரே, தம்பிமாரே, திருகோணமலைக் கடலில் சங்குக்கும் கடலட்டைக்கும் சுழியோடும் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் படிப்பிக்கிறோம். அதனால் இதைச் சொல்கிறோம்.

கரைக்கு வந்ததும் களைப்பில் சாமான்களைப் படகிலேயே போட்டுவிடாதீர்கள். உப்புக் காய்ந்தால் ரெகுலேட்டருக்குள் இறுகி வால்வு சிக்கும். முதலில் தூசி மூடியை ஈரமில்லாமல் துடைத்துப் பூட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அப்போது வாய்ப்பகுதி பட்டனை அழுத்த வேண்டாம். தண்ணீர் ஹோஸுக்குள் ஏறிவிடும். வெயில் ரப்பரைக் கெடுக்கும், நிழலில் தொங்கவிடுங்கள். சிலிண்டரில் கொஞ்சம் காற்றை மிச்சம் வையுங்கள். வெறுமையானால் ஈரம் புகுந்து உள்ளே அரிக்கும்.

செலவு ஒரு வாளித் தண்ணீர்தான். வாப்பா கரைக்கு வந்திருப்பாரா என்று வகுப்பில் யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.