ஏர் கப்பும் உப்புக் காற்றும்

தாழ்த்திய காரை ராமநாதபுரத்தில் நிறுத்தி அழகு பார்க்கலாம்; தெருவில் ஓட்டுவதுதான் பாடு. ஸ்பிரிங்கை வெட்டிக் காரை இறக்கிய காலம் போய்விட்டது. இப்போது காயில்ஓவர். திரெட் வெட்டிய ஷாக், அதன்மேல் சுற்றி ஏற்றி இறக்கும் காலர், ஒரு குட்டை ஸ்பிரிங், அவ்வளவுதான். விடுமுறைக்கு வரும் கீழக்கரைப் பையன்கள் துபாயிலிருந்தே பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நான் மாட்டி அனுப்பிய கொஞ்ச நாளில் அதே பையன் என் வாசலில் வந்து நிற்பான்.

"அண்ணே, எங்க தெரு முக்குல ஏறவே மாட்டேங்குது. முன்னாடி லிப் உரசுது."

"அப்ப கொஞ்சம் ஏத்தி வச்சுருவமா தம்பி?"

"ஐயோ, அது மட்டும் வேணாம்ணே."

இறக்கவும் வேண்டும், ஏறவும் வேண்டும். இந்த ஆசைக்கென்று வந்த சாமான்தான் ஏர் கப். ஸ்பிரிங்கின் தலைக்கும் டாப் மவுண்டுக்கும் நடுவில் உட்காரும் ஒரு அலுமினிய வளையம். உள்ளே ஒரு பிஸ்டன். காற்றை விட்டால் பிஸ்டன் ஸ்பிரிங்கைக் கீழே தள்ளும், கார் 40 மி.மீ. போல எழும்பும். காற்றைத் திறந்துவிட்டால் பழைய உயரத்துக்கு இறங்கும். நடு உயரம் என்று ஒன்று கிடையாது.

சென்னைக்குப் போகும் ஆம்னி பஸ்ஸின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு பெல்லோஸ் தெரிந்திருக்கும். அங்கே காற்றே ஸ்பிரிங். கார்களுக்கும் அந்த வகை ஏர் பேக் கிட் இருக்கிறது, விலை அதிகம். பேக் ஓட்டையானால் வண்டி பம்ப் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிடும். கப் அப்படியில்லை. காற்று முழுக்கப் போனாலும் இரும்பு ஸ்பிரிங் காரைச் சுமந்துகொண்டே இருக்கும். தனுஷ்கோடி மணலில் வைத்து லீக் ஆனாலும் வீடு வந்து சேரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நம் பக்கத்துக்கு நான் கப்பைத்தான் சொல்லுவேன்.

தூக்குவது வெறும் கணக்கு. சின்னக் கார் ஒன்றின் முன்சக்கரத்துக்கு மேல் சுமார் 300 கிலோ இருக்கும். கப்பின் வெளிவிட்டம் 90 மி.மீ., உள்விட்டம் 60 மி.மீ. என்றால் காற்று தள்ளும் பரப்பு 35 சதுர சென்டிமீட்டர். 300-ஐ 35-ஆல் வகுத்தால் எட்டரை கிலோ அழுத்தம், அதாவது ஏறக்குறைய 120 பி.எஸ்.ஐ. சீலின் உராய்வுக்கும் சேர்த்து, காற்றைச் சேமிக்கும் டேங்கை 150-க்கு வைப்பேன். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரெஸரை இதற்குப் போட்டால் சீக்கிரமே சூடேறிச் செத்துப்போகும்.

கணக்கு தெரிந்தும் பலர் சறுக்குவது ஷாக்கின் நீளத்தில். கார் 40 மி.மீ. எழும்பினால் ஷாக்கும் 40 மி.மீ. நீள வேண்டும். அதற்கு உள்ளே இடம் இருக்கிறதா? ஒரு மி.மீ. அமுங்க 6 கிலோ கேட்கும் ஸ்பிரிங், 300 கிலோவில் 50 மி.மீ. அமுங்கியிருக்கும். பிரீலோட் இல்லாமல் கட்டியிருந்தால் ஷாக்கும் இன்னும் 50 மி.மீ. நீளும். தூக்கிய பிறகும் 10 மி.மீ. கையில் நிற்கும். ரேஸ் கார் மாதிரி இருக்கட்டும் என்று 10 கிலோ ஸ்பிரிங் போட்டால் மிச்சம் 30 மி.மீ.தான். ஷாக் முழுசாக நீண்டு முட்டிக்கொள்ளும். கார் 30-க்கு மேல் எழும்பாது, மேற்கொண்டு விடும் காற்று ஸ்பிரிங்கைத்தான் நசுக்கும். அந்த நிலையில் பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் 'டங்'கென்று டாப் மவுண்டில் அடி விழும். ஸ்பிரிங் கடினமாகக் கடினமாகத் தூக்கு குறையும் என்பதைப் பையன்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு ஒரு டீ ஆறிவிடும். கப் தன் பங்குக்கு திரெட்டில் நாலு சென்டிமீட்டரைத் தின்னும் என்பது அடுத்த பஞ்சாயத்து.

பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் தூக்கிய உயரத்தில் இழுபடாமல் இருக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். அலைன்மெண்ட் எப்போதும் இறங்கிய உயரத்தில்தான்.

முன்னால் மட்டும் தூக்குவதில் ஒரு லாபம் உண்டு. அச்சில் 40 மி.மீ. தூக்கினால், அதற்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பம்பர் லிப் 50 மி.மீ. போல எழும்பும். ஆனால் வயிற்றுப் பகுதிக்குக் கிடைப்பது அதில் பாதிகூட இல்லை, 20 மி.மீ.தான். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டியிருந்தால் சின்னக் காரின் நான்கு சக்கரமுமே அதன்மேல் ஏறி நின்றுவிடும், வயிறு இடிக்க வாய்ப்பே குறைவு. நம் தெருக்களில் இருப்பவையோ ஓர் அடி அகலத்தில் ஊர்க்காரர்கள் கொத்தனாரை வைத்துப் போட்ட சிமெண்டு கட்டைகள். முன்சக்கரம் தாண்டியதும் கட்டை முழு உயரத்தோடு வண்டியின் வயிற்றுக்கடியில் வந்து நிற்கும். அங்கே கப் கைகொடுக்காது. ஒரு சக்கரமாகக் குறுக்கே ஏற்றித்தான் இறக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கோயம்புத்தூர் மெக்கானிக்குக்கும் பொருந்தும். எங்கள் கடற்கரையில் வேலையே இனிமேல்தான்.

ராமநாதபுரத்துக் காற்றில் தண்ணீர் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று 30 கிராம் வரை தண்ணீரை ஆவியாகச் சுமக்கும். கடலோரத்தில் எண்பது சதவீத ஈரம் சாதாரணம். 5 லிட்டர் டேங்கில் 10 மடங்கு நசுக்கினால் 50 லிட்டர் காற்றின் ஈரம் 5 லிட்டருக்குள் அடைபடும். அவ்வளவு ஆவியை அந்த இடம் தாங்காது. ஒவ்வொரு முழு நிரப்பலுக்கும் ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீர் டேங்கின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் வடிக்காமல் விட்டால் சின்ன இரும்பு டேங்கிலிருந்து டீ டிகாக்‌ஷன் நிறத்தில் துருத்தண்ணீர் கொட்டும். அந்தத் துருத்தூள்தான் கப்புக்குக் காற்றைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வின் சீட்டில் போய் உட்காரும். வால்வு முழுசாக மூடாது. ராத்திரி தூக்கி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். கப் சீல் போய்விட்டது என்று வாடிக்கையாளர் புதுக் கப்புக்குப் பணத்தோடு வருவார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் வால்வில்தான் நுரை வரும்.

அதனால் கம்ப்ரெஸர் எங்கிருந்து மூச்சு இழுக்கிறது என்பதை முதலில் பார்ப்பேன். கிட்டோடு வரும் படத்தில் பம்பருக்குப் பின்னாலோ வீல் ஆர்ச்சிலோ மாட்டச் சொல்லியிருப்பார்கள். ராமேஸ்வரத்தில் அங்கே மாட்டினால் உப்புத் தூவானத்தைப் பம்ப் பண்ணுகிறோம் என்று அர்த்தம். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் கேபினும் ஒரே காற்று. கம்ப்ரெஸரை டிக்கியில் வைத்து ஏ.சி. ஓடும்போது டேங்க் நிரம்பும்படி விட்டால், ஏ.சி. ஏற்கெனவே உலர்த்திய காற்று இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிறகு ஒரு வாட்டர் ட்ராப், அதையடுத்து சிலிக்கா ஜெல் குப்பி. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் எடுத்து வாணலியில் மெல்லச் சூடேற்றினால் நீலம் திரும்பிவிடும். சமையலுக்குத் திரும்ப அந்த வாணலியை எடுக்கக் கூடாது. டேங்க் அலுமினியம், வடிகுழாய் அதன் மிகத் தாழ்ந்த இடத்தில். வால்வு காற்றைத் துப்பும் ஓட்டையிலும் சைலன்சர் வேண்டும், இல்லையென்றால் மணல் அந்த வழியாகவும் நுழையும்.

வெளிப்பக்கம் இன்னொரு சண்டை. கப்பும் காலரும் அலுமினியம், ஸ்பிரிங்கும் ஷாக் பாடியும் இரும்பு. நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலமாகிவிடும். கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்து காலர் திரெட்டோடு இறுகிவிட்டால் பிறகு சுத்தியல்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகங்களை உப்புக் காற்று எப்படி அரிக்கிறது என்று சோதிக்க நம் கடலோர ஊரான மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. மாட்டும்போதே திரெட் முழுக்க ஆன்டி-சீஸ், கப்புக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் நைலான் வளையம், எல்லாவற்றையும் மூட ரப்பர் பூட் என்று செய்துவிடுவேன். தனுஷ்கோடி அரிச்சல்முனைச் சாலையில் காற்று வாரிப்போடும் மணல் பொடியாக இருப்பதால் பிஸ்டன் சீலைக் கீறும். பூட் இல்லாத கப் அங்கே ரொம்ப நாள் தாங்காது.

இடது வலது இரண்டு கப்பையும் ஒரு டீ இணைப்பில் சேர்த்து ஒரே வால்வில் ஓட்டுகிறவர்கள் உண்டு. மலிவு. தூக்கிய நிலையில் வளைவில் திரும்பினால் வெளிப்பக்கக் காற்று உள்பக்கத்துக்கு ஓடி கார் சாயும். பக்கத்துக்கு ஒரு வால்வு வேண்டும் என்பதில் நான் பேரம் பேசுவதில்லை.

தூக்கியபடியே ஓட்டுவது அதைவிட மோசம். முகம் நிமிர்வதால் ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஷாக் நீண்டு நிற்கும் காரை ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு விரிவு இணைப்பும் பல்லில் கேட்கும். பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலம் இருக்கிறது. அதன் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி கப்பலுக்கு எழும்பும், கப்பல் போனதும் இறங்கும், இறங்கிப் பூட்டிய பிறகுதான் ரயிலுக்கு வழி. கப்பும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து ஸ்பீடு சிக்னலில் ஒரு ரிலே சேர்க்கிறேன். 20 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வால்வு தானே திறக்கும். இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக இறங்க ஒரு ஃப்ளோ கண்ட்ரோல். ஓட்டுகிறவன் ஞாபகத்தை நம்பி எதையும் கட்டக் கூடாது.

இந்த ஆசை நம் பையன்களுடையது மட்டுமல்ல. 1958-இல் கலிபோர்னியாவில், சக்கர ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மறுவருடமே ரான் அகிரே என்பவர் விமானங்களில் இருந்த ஹைட்ராலிக் பம்புகளைத் தன் கார்வெட்டில் பொருத்தினார். போலீஸைக் கண்டால் தூக்குவார், போனதும் இறக்குவார்.

இங்கே அந்தத் தந்திரம் செல்லாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். வருகிறவர்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன். ஷோ காருக்கும் பந்தயத் திடல் காருக்கும் கட்டித் தருவேன். தினமும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பரமக்குடி போய்வருகிற காரென்றால், கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்பப் போடச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஏற்கெனவே கப் மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. தனுஷ்கோடி போய்வந்த அன்றைக்கே டேங்கை வடித்துவிட்டு வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுங்கள். போர் தண்ணீரில் கழுவுவதாக இருந்தால் முதலில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். நம் ஜில்லாவில் பல இடங்களில் அதுவும் உப்புதான்.