சரிவில் விழும் வெயில்

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஐடஹோ எல்லையை ஒட்டி இருக்கிறது பலூஸ். சியாட்டிலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் ஆகும். வழியின் பிற்பாதி பெரும்பாலும் வறண்ட புதர்வெளிதான். அதைத் தாண்டியதும் நிலம் புரள ஆரம்பிக்கிறது. திரும்பின பக்கமெல்லாம் கோதுமை மேடுகள், மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு மடிப்பு, அந்த மடிப்பில் எங்காவது ஒரு சிவப்பு மரக்கொட்டகை. ஜூனில் பச்சைக்காகவும் ஆகஸ்டில் பொன்னிறத்துக்காகவும் கேமராக்காரர்கள் படையெடுத்து வருகிறார்கள். நானும் அந்தப் படையில் ஒருவன்.

இந்த மேடுகளுக்குள் பாறை கிடையாது. பனியுகக் காலத்தில் தென்மேற்குக் காற்று அள்ளிவந்து கொட்டிய நுண்மண்தான் முழுக்க. காற்று வந்த பக்கம் சரிவு நீளமாகச் சாய்ந்திருக்கும். வடகிழக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கும். படம் எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. சூரியன் மேற்கே சாய்ந்ததும் நீள்சரிவு முழுக்க வெயிலில் மின்னும், செங்குத்துப் பக்கம் இருண்டுவிடும். மேட்டின் உருவம் அப்போதுதான் எழுந்து வரும். நடுப்பகலில் அதே நிலம் தட்டையான பச்சைத் துணியாகத்தான் தெரியும்.

ஸ்டெப்டோ பட் என்ற குன்று ஒரு விதிவிலக்கு. அது மிகப் பழைய குவார்ட்சைட் பாறை, உயரம் 3,612 அடி. 1888-இல் இதன் உச்சியில் ஒருவர் ஹோட்டலே கட்டினார். அது 1911-இல் எரிந்து போயிற்று. பிறகு வர்ஜில் மெக்ராஸ்கி என்ற மருந்துக்கடைக்காரர் இந்த நிலத்தை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார். குன்றைச் சுற்றிச் சுற்றி ஏறும் சாலையில் எந்த வளைவில் நிறுத்தினாலும் ஒரு படம் கிடைக்கும். அகன்ற கோண லென்ஸை எடுத்தவர்கள் சீக்கிரமே அதைப் பையில் போட்டுவிடுவார்கள். இங்கே வேலை செய்வது 100-400 போன்ற நீளமான லென்ஸ்தான். தூரத்து மேடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கி அடுக்கித் தருவது அதுதான்.

குன்றின் மேலே ஒரு புகைப்படப் பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நடத்தியவர் அறுபது தாண்டிய பெண்மணி. காற்று டிரைபாடையே ஆட்டியது. தன் கேமராப் பையை அதன் நடுத்தண்டில் மாட்டி எடையேற்றியிருந்தார். மாணவர்கள் எல்லோரும் கீழே தெரிந்த ஒரு கொட்டகையைப் பார்க்க, அவர் மட்டும் வானத்தைப் பார்த்தார். "அதோ அந்த மேகத்தோட நிழல் இப்போ எங்கே இருக்கு பாருங்க. அது ரோட்டைத் தாண்டுச்சுன்னா கொட்டகைமேல வெயில் விழும்" என்றார். அப்படியே விழுந்தது. சில நொடிகள்தான், ஷட்டர்கள் படபடத்தன. சிவப்புக் கொட்டகைக்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார், இல்லாவிட்டால் பலகைகளின் ரேகையெல்லாம் அழிந்து வெறும் சிவப்பாகிவிடுமாம். துளி மேகமில்லாத வானத்தைக் கண்டால் அவர் வகுப்பையே ரத்து செய்துவிடுவாராம். ஊர்க்காரர்கள் நல்ல நாள் என்று சொல்வது அவருக்குக் கெட்ட நாள்.

நம்மூரில் அந்தி வெயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. 47 டிகிரி வடக்கில் கோடைச் சூரியன் சாய்வாக, சாவகாசமாக இறங்குகிறது. ஒரே மேட்டை மஞ்சளாக, ஆரஞ்சாக, ஊதாவாக நின்ற இடத்திலிருந்தே எடுக்கலாம்.

கொட்டகைகளின் கதை வேறு. ஒரு காலத்தில் இங்கே அறுவடை இயந்திரத்தை 30-க்கும் மேற்பட்ட குதிரைகள் சேர்ந்து இழுத்தன. அந்தக் குதிரைகளுக்கும் அவற்றின் வைக்கோலுக்கும்தான் இத்தனை பெரிய கூரைகள். டிராக்டர் வந்தது, குதிரை போனது, கொட்டகை காலியானது. யூனியன்டவுனில் 1935-இல் கட்டிய டாமன் கொட்டகைக்கு மறுவாழ்வு கிடைத்து, இப்போது கலைஞர்களின் கூடமாக இருக்கிறது. பழைய இரும்புச் சக்கரங்களாலான அதன் வேலியைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. மற்றவை பெரும்பாலும் சாய்ந்துகொண்டிருக்கின்றன. சாயச் சாயத்தான் கேமராவுக்கு அழகு என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது.

கோல்ஃபாக்ஸ் என்ற ஊருக்கு அருகே அப்படி ஒரு கொட்டகையைப் படம் எடுக்க நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டேன். கேட்டதற்கே நன்றி சொன்னார். பயிரை மிதித்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகமாம். கோதுமையோடு மாற்றுப் பயிராகக் கொண்டைக்கடலையும் பருப்பும் போடுகிறார். இந்தியா இறக்குமதி வரியைக் கூட்டினால் இந்த மேட்டிலும் அந்தப் பேச்சுதான். கொட்டகையை ஏன் பழுது பார்க்கவில்லை என்றேன். "என் கம்பைன் அந்தக் கதவுக்குள்ள நுழையாது. கூரை மாத்துற காசுக்கு என்ன பிரயோஜனம்?"

அந்தக் கம்பைன் அறுவடை இயந்திரத்தைத்தான் நான் படமெடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. சரிவில் குறுக்காகப் போகும்போது சக்கரங்கள் நிலத்தோடு சாய்கின்றன. உடல் மட்டும் தானாகவே சமநிலைக்கு வந்துவிடுகிறது. இல்லாவிட்டால் தானியம் ஒரு பக்கமாக ஒதுங்கி, உமியோடு சேர்ந்து வெளியே போய்விடும். நான் நிழலுக்காகத் தேடி வந்த சரிவுதான் அவருக்குச் செலவு. மழையிலும் உழவிலும் மேல்மண் கீழே இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேட்டு உச்சிகளில் வெளிறிய களிமண் தலைகாட்டுகிறது.

இரவு அவர் சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்து படங்களைக் காட்டினேன். அந்திப் படங்களை மரியாதைக்காகப் பார்த்தார். வெளிச்சத்தைச் சோதிக்க நடுப்பகலில் எடுத்த ஒரு தட்டைப் படம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். உச்சியை ஒட்டி ஒரு வெளிறிய பட்டை. "இங்கதான் விளைச்சல் குறையுது. உங்க பொன்வெயில்ல இது தெரியவே இல்லை பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். அந்த ஒன்றை மட்டும் அனுப்பிவைக்கச் சொன்னார். நாளை மதியம் இருப்பேன் என்றால் பக்கத்து மேட்டையும் அதேபோல எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார்.