இரணியன் வைத்த கும்பிடு

தெருக்கூத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கட்டியங்காரன். ராஜா வருகையைக் கட்டியம் கூறி அறிவிப்பவர், ராத்திரி முழுக்க ஒரு கண்ணைச் சனங்கள் மேலேயே வைத்திருப்பார்.

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் இரணியன் கூத்து. சலங்கை அதிர இரணியன் கூட்டத்துக்குள் இறங்கியதும், முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தை வீறிட்டு அழுதது. கட்டியங்காரன் சட்டென்று குறுக்கே வந்தார். "மகாராஜா, பாப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போங்க!"

இரணியன் நின்றார். புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் இறுக்கிக் கட்டிய உடம்போடு குனிவது லேசுப்பட்ட காரியமில்லை. குனிந்தார். அரிதாரம் பூசிய முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஹார்மோனியக்காரர் அதுவரைக்கும் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். குழந்தை விசும்பிக்கொண்டே கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லைத் தொட்டுப் பார்த்தது. கர்ஜனை அப்புறம்தான் தொடர்ந்தது, அதுவும் வேறு பக்கம் திரும்பி!

விடிய விடிய ஆடுகிறவர்கள் இவர்கள். அடவுக்கும் பாட்டுக்கும் பாராட்டு கிடைக்கிறது, கிடைக்கட்டும். இந்தக் கரிசனம் மட்டும் யார் குறிப்பிலும் ஏறுவதில்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். உங்கள் ஊர்க் கூத்தில் இப்படி ஒருவரைப் பார்த்திருந்தால் எழுதுங்கள், அவர் கட்டிய வேஷத்தையும் சேர்த்து.