கடியாரமும் நானும்

சதுரங்கத்தில் எனக்கு எதிரி, பலகைக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் பேத்திதான் என்று நினைத்திருந்தேன். பக்கத்திலிருந்த கடியாரத்தை நான் இலட்சியம் செய்யவேயில்லை.

மறுநாள் அவள் வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படவேண்டும். அதற்குள் ஓர் ஆட்டமாவது ஜயித்துவிட எனக்கு ஆசை. "ஆளுக்கு 15 நிமிஷம், தாத்தா! ஒவ்வொரு தடவை காய் நகர்த்தும்போதும் 10 வினாடி கூடும்" என்றாள். அமெரிக்கச் சதுரங்க வீரர் பாபி பிஷர் 1988-ல் காப்புரிமை கோரி விண்ணப்பித்த ஏற்பாடாம் இது. என் பென்ஷன் கணக்கில்கூட இத்தகைய வரவு கிடையாது! அந்தத் தைரியத்தில் தாராளமாக யோசித்து நேரத்தைக் கரைத்தேன். கடைசியில் அவளுடைய ராணியை வெட்டினேன். மெய்மறந்து பலகையை ரசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் ஏன் வாய் திறவாமல் இருக்கிறாள் என்று நிமிர்ந்து பார்த்தால், என் பக்கத்தில் பூஜ்யம்! காயை நகர்த்திய கையாலேயே கடியாரத்தையும் தட்டவேண்டும். நான் தட்டவே இல்லை.

"சொல்லியிருக்கக் கூடாதா, அம்மா?"

"சொல்லவேண்டுமென்று விதி இல்லையே, தாத்தா!"

பொல்லாத பெண்! விடியற்காலையில் மறுபடி உட்கார்ந்தோம். இம்முறை அவளுடைய நேரம் ஓடும்போதே என் யோசனையை முடித்துக்கொண்டேன். வினாடிகள் உண்மையாகவே சேர்ந்தன. பாதி ஆட்டத்தில் வாசலில் வண்டி வந்துவிட்டது. அவள் கடியாரத்தை நிறுத்திவிட்டு எழுந்தாள். என் பக்கத்தில் இன்னும் 9 நிமிஷம் மிச்சமிருந்தது.